பாட்டுக்கு நடுவில் ஒரு பாலம்

பாம்பன்
21.1.2007

ஜெபமாலைக்கு உன் தகப்பன் மரியதாஸ் எழுதுவது.

இது பேச்சு அல்ல, கடிதம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ மறுபடி பாடுகிற வரைக்கும் உன்னிடம் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று ஓரியூர்க் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிச் சத்தியம் செய்தவன் நான். செய்தது செய்ததுதான். ஆனால் பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. உன் அம்மா உன்னோடு போனில் பேசும்போது பக்கத்தில் நின்று, இதைக் கேளு, அதைக் கேளு என்றால் எரிந்து விழுகிறாள். "ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தந்திக் கம்பமா? வேணும்னா கடுதாசி எழுதுங்க" என்கிறாள். அதனால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய சி.டி. வந்து சேர்ந்தது. வழியில் கெட்டுவிட்டது போலிருக்கிறது. ஹமீது கடையில் கொடுத்துப் போடச் சொன்னேன். கிட்டார் வந்தது, மேளம் வந்தது. சரி, பாட்டுக்கு முன்னால் கொஞ்சம் வாசிப்பார்கள்தானே, இதோ பாடப்போகிறாள், இதோ பாடப்போகிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசிவரை பாட்டே வரவில்லை, சட்டென்று நின்றுவிட்டது. இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பு வைத்துவிட்டு, பந்தி முடிந்தது எழுந்திரு என்றால் எப்படி இருக்கும்? "ஏலே, பாட்டு இருக்குற பக்கத்தத் திருப்பிப் போடு" என்றேன். சி.டி.க்கு மறுபக்கம் கிடையாதாம். கடையில் இருந்தவனெல்லாம் சிரித்தான்.

இன்னொன்று. அதில் குறைந்தது நாலு பேர் வாசிக்கிறார்கள். அந்த மேளக்காரன் யார்? அந்தக் கனத்த தந்தியை அதிரவிடுகிறவன் யார்? நீயும் அந்த அபிராமத்துப் பெண் சேதுலட்சுமியும் மட்டும்தான் வீட்டில் இருக்கிறீர்கள் என்று உன் அம்மா சொன்னாள். எனக்குத் தெரிய வேண்டும்.

நல்ல சி.டி.யாகப் பார்த்து அனுப்பு.

மரியதாஸ்


சென்னை
30.1.2007

அன்புள்ள அய்யாவுக்கு,

சி.டி. கெடவில்லை. அதுதான் பாட்டு. அவ்வளவுதான் பாட்டு.

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கிறது. சேதுலட்சுமி உங்கள் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "ஒங்க அய்யாவ எனக்குக் குடுத்துருடி" என்கிறாள். அந்த நாலு ஆம்பளைகளும் நான்தான். கம்ப்யூட்டரில் இதற்கென்று ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது. திரையில் கட்டம் கட்டமாக வரும். ட்ரம்ஸ் எங்கே விழ வேண்டுமோ அந்தக் கட்டத்தில் மவுசால் ஒரு புள்ளி வைக்கிறேன், வாசலில் கோலத்துக்கு வைப்பதுபோல. வைத்துவிட்டுத் தட்டினால் அதுவே அடிக்கும். கிட்டாரை ஒரு ஒயரில் கம்ப்யூட்டரோடு மாட்டி ஒரு தடவை வாசிப்பேன். அது ஓட ஓட அதன்மேல் இன்னொரு தடவை வேறு மாதிரி வாசிப்பேன். நீங்கள் கேட்ட அந்தக் கனத்த தந்தி பேஸ் கிட்டார், அதுவும் நான்தான். ஆபீஸ் விட்டு வந்து, துணி துவைத்து, சோறு பொங்கி வைத்துவிட்டு உட்கார்ந்தால் எங்கள் சமையற்கட்டு மூலையில் ஒரு பெரிய ராக் குழுவே வந்து இறங்கிவிடும். யாருக்கும் டீ போட்டுத் தர வேண்டியதும் இல்லை.

ஆகவே மேளக்காரனுக்குப் பெண் கேட்டு யாரும் வர மாட்டார்கள். அம்மாவிடம் சொல்லுங்கள்.

இந்தத் தடவை பாட்டு வரும் வரும் என்று காத்திருக்காமல் கேட்டுப் பாருங்கள் அய்யா. ஒரே ஒரு தடவை.

ஜெபமாலை


பாம்பன்
18.2.2007

ஜெபமாலைக்கு,

கேட்டேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. கைவேலை சுத்தமாகத்தான் இருக்கிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். என்னோடு கடலுக்கு வருகிற சவேரியார் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். கேட்டு முடித்துவிட்டு, "எல்லாம் சரி மச்சான், இது என்ன சொல்ல வருது?" என்றான்.

பாட்டு என்றால் சொல் வேண்டும் தாயி. சாமியைக் கும்பிடுவதென்றாலும் சொல்தான், சண்டை போடுவதென்றாலும் சொல்தான். வாய் இருக்கிறவள் ஊமைப் பாட்டுப் போடுவானேன்? ஒரு வார்த்தையாவது வை. அல்லேலூயா என்றாவது வை.

இங்கே நான் நடத்துகிற கோயில் பாடற்குழு பொங்கி வழிகிறது என்று நினைக்காதே. நீ கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் ஒத்திகையில், "இனிமே பாட மாட்டேன், கிட்டார் மட்டுந்தான் வாசிப்பேன்" என்று ஊர் முழுக்க இருக்கும்போது சொல்லிவிட்டுப் போனாயே, அன்றைக்குப் போனது எங்கள் சுருதி. சகாயத்தின் மகளை உன் இடத்தில் நிறுத்தியிருக்கிறேன். நல்ல பிள்ளை. ஆனால் மேல் சுரத்துக்குப் போகும்போது ஆட்டைக் கயிற்றில் இழுப்பதுபோல இழுக்க வேண்டியிருக்கிறது. தவக்காலம் வருகிறது. பெரிய வெள்ளிக்கு யார் பாடுவார்கள்?

எனக்கு வருத்தம்தான். இல்லை என்று எழுதினால் பொய்.

மரியதாஸ்


சென்னை
22.4.2007

அன்புள்ள அய்யாவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே எழுதவில்லை. எழுதியிருந்தால் கோபமாக எழுதியிருப்பேன். இப்போதும் கொஞ்சம் கோபம் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஏழு வயதில் பாட ஆரம்பித்தேன். ஊரில் என்னை யாரும் ஜெபமாலை என்று கூப்பிட்டதில்லை. "மரியதாஸ் தொண்டை வருதுடோய்" என்பார்கள். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் எந்தப் பாட்டு, எந்தச் சுருதி, எங்கே மூச்சு விட வேண்டும், எல்லாம் நீங்கள் சொல்வதுதான். வாயைத் திறந்தால் உங்கள் குரல்தான் வருகிறது அய்யா. விரலில் மட்டும்தான் நான் இருக்கிறேன். இதை அன்றைக்கு ஒத்திகையில் எல்லாருக்கும் முன்னால் சொல்லத் தெரியாமல் வீம்பாக வேறு மாதிரி சொல்லிவிட்டேன். பாட்டின்மேல் எனக்கு வெறுப்பு இல்லை. உங்கள்மேல் சத்தியமாக இல்லை.

நீங்கள் பேசாமல் இருப்பதுதான் தாங்கவில்லை. அம்மா போனில் பேசும்போது பின்னால் நீங்கள் செருமுகிற சத்தம் கேட்கும். அதற்காகவே போனைச் சீக்கிரம் வைக்காமல் இழுத்துக்கொண்டிருப்பேன்.

புதிதாக ஒன்று போட்டுக்கொண்டிருக்கிறேன், பெரியது. முன்பாதி முடிந்தது, பின்பாதியும் முடிந்தது. நடுவில் பிரிட்ஜ்தான் கிடைக்கவில்லை. இங்கே எத்தனையோ பிரிட்ஜ் போட்டுப் பார்த்துவிட்டேன், ஒன்றும் ஒட்டவில்லை. நல்ல பிரிட்ஜ் ஒன்று கிடைத்தால் போதும், பாட்டு முடிந்துவிடும்.

ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது.

ஜெபமாலை


பாம்பன்
6.5.2007

என் மகள் ஜெபமாலைக்கு,

பிரிட்ஜ் கிடைக்கவில்லையா? அடி கூறுகெட்டவளே, வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறாயே! பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பிரிட்ஜ் இங்கே கடலுக்கு நடுவில் நிற்கிறது. மெட்ராஸில் இருப்பதெல்லாம் பிரிட்ஜா? கூவத்துக்குமேல் கட்டினதையெல்லாம் போட்டால் பாட்டு நாறாமல் என்ன செய்யும்?

கடிதம் வந்த அன்றே ஹமீதிடம் போனேன். அவனிடம் கையடக்கமாக ஒரு எம்.பி.3 பெட்டி இருக்கிறது, பொத்தானை அமுக்கினால் சத்தத்தைப் பிடித்துக்கொள்கிறது. அகல ரயில் பாதை போடுகிற வேலைக்காக ரயிலை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், ஆகையால் ரயில் சத்தம் கிடைக்காது. அது போனால் போகட்டும், தூக்குப் பாலம் இருக்கிறதே. கப்பல் ஒன்று பாலம் தாண்டக் காத்துக்கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, நான், ஹமீது, சவேரியார் மூவரும் வள்ளத்தை எடுத்துக்கொண்டு பாலத்தடிக்கே போனோம். தடைக்காலம் என்பதால் விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கிறது, வேறு இரைச்சல் இல்லை.

உனக்குக் கேட்பதற்காகப் பிடிக்கிற சத்தத்தில் என் குரல் விழுந்தால் அது பேச்சாகிவிடாதா? சத்தியம் என்ன ஆவது? அதனால் துண்டை எடுத்து வாயைக் கட்டிக்கொண்டேன். சவேரியார் சிரிக்கப் பார்த்தான், அவன் வாயையும் கட்டினேன். மேலே ஆட்கள் ரெண்டு பக்கமும் நின்று கம்பியைப் பிடித்துச் சுற்றினார்கள். பல்சக்கரம் பல்லுக்குப் பல் ஏறுகிறது, கடக், கடக், கடக். நடுவில் கச்சான் காற்று இரும்பில் ஊதுகிறது. இத்தனை வருஷம் அதன் அடியில் போய் வந்திருக்கிறேன், ஒரு நாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். நீ ஊரிலிருந்து ஒன்று கேட்டிருக்கிறாய் என்ற சந்தோஷத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துண்டு வாயில் இருந்ததால் துடைக்கவும் வழியில்லை.

ஹமீது சி.டி.யில் ஏற்றிக் கொடுத்தான், இதோடு வைத்திருக்கிறேன். முழுப் பாலமும் அதில் இருக்கிறது. வேண்டிய மட்டும் வெட்டி எடுத்துக்கொள்.

உன் அய்யா


சென்னை
14.5.2007

என் தங்க அய்யாவுக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் கேட்ட பிரிட்ஜ் அது இல்லை. பாட்டில் முன்பாதிக்கும் பின்பாதிக்கும் நடுவே, அதுவரை வராத மெட்டில் ஒரு துண்டு வரும். இங்கிருந்து அங்கே கொண்டுபோய் விடுகிற துண்டு. அதற்குப் பெயர் பிரிட்ஜ். நான்தான் அவசரத்தில் விளக்காமல் எழுதிவிட்டேன்.

பாம்பன்காரர் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் இந்தத் தப்பு வந்திருக்காது அய்யா. சேதுலட்சுமி தரையில் உருண்டு சிரித்தாள். நானும் உருண்டேன். சிரித்து முடித்துவிட்டு அதைச் சாஃப்ட்வேரில் ஏற்றிப் போட்டுப் பார்த்தேன். அப்புறம் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கடக் கடக்கை ட்ரம்ஸுக்குப் பதிலாகப் போட்டுக் காற்றை அடியில் ஓடவிட்டால், இத்தனை நாள் ஒட்டாத ரெண்டு பாதியும் ஒட்டிக்கொண்டன. நான் கேட்டது வேறு, நீங்கள் கொடுத்தது வேறு. கொடுத்ததுதான் சரி.

இன்னொரு செய்தி. ஹமீது கப்பல் போனதும் நிறுத்துவதற்கு வேறு பொத்தானை அமுக்கியிருக்கிறார். சத்தம் நிற்கவில்லை, ஓடிக்கொண்டே இருக்கிறது. துண்டை அவிழ்க்கிறீர்கள், செருமுகிறீர்கள், பிறகு தெளிவாகக் கேட்கிறீர்கள்: "ஏலே ஹமீது, புள்ளைக்கு இது போதுமா?"

அதைக் கேட்டதும் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். உங்கள் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

ஆக, உங்கள் சத்தியம் உடைந்துவிட்டது. இன்றைக்கே போன் செய்யுங்கள்.

ஜெபமாலை


பாம்பன்
23.5.2007

ஜெபமாலைக்கு,

சத்தியம் ஒன்றும் உடையவில்லை. அது ஹமீதிடம் பேசியது, உன்னிடம் பேசியது அல்ல. அடுத்த வீட்டில் பேசுவது சுவர் தாண்டிக் கேட்டால் அது உன்னோடு பேசியதாகுமா? பங்குச் சாமியாரிடமும் கேட்டுவிட்டேன். "மரியதாஸ், சத்தியத்தை வேணும்னா நான் எடுத்துவிடுறேன், ஒரு பூசை வச்சிருங்க" என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டேன். என் மகள் பாடி முடிய வேண்டிய சத்தியம், பூசை வைத்து முடியக் கூடாது.

பிரிட்ஜ் என்றால் பாலம். பாட்டுக்குள் பாலம் கட்டுவார்கள் என்று எந்த மடையனுக்குத் தெரியும்? ஹமீது இதை ஊரெல்லாம் சொல்லிவிட்டான். கடைத்தெருவில் போனால், "அண்ணே, அடுத்த பாட்டுக்குக் கலங்கரை விளக்கத்த அனுப்பப் போறியளாமே" என்கிறான்கள். உன் அம்மா சோறு போடும்போதுகூடச் சிரிக்கிறாள்.

நீ எழுதியிருந்தாயே, வாயைத் திறந்தால் என் குரல்தான் வருகிறது என்று. அதை நான் யாரிடமும் காட்டவில்லை. சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். உன்னை என் தொண்டையாகவே நினைத்துவிட்டேன் போலிருக்கிறது. உனக்கென்று ஒரு தொண்டை வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆனாலும் நீ பாடாமல் நான் பேச முடியாது. ரெண்டு பேரும் வசமாக மாட்டிக்கொண்டோம்.

உன் அய்யா


சென்னை
2.6.2007

அய்யா,

பாட்டு முடிந்துவிட்டது. பாலம் நடுவில் நிற்கிறது. நீங்கள் ஹமீதிடம் கேட்டதையும் அப்படியே விட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு கிட்டார் தனியாக வரும். அந்த இடத்தைக் கவனித்துக் கேளுங்கள். நான் வேறு எதுவும் எழுதப்போவதில்லை.

ஜெபமாலை


பாம்பன்
15.6.2007

என் கண்ணே ஜெபமாலை,

நேற்று முன்தினம் அந்தோணியார் திருநாள். சப்பரம் கிளம்புவதற்கு முன்னால் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். உன் சி.டி. அன்று காலையில்தான் வந்தது. வீட்டில் போட்டுக் கேட்கலாம் என்று வைத்திருந்தேன். உன் அம்மா அதை எடுத்து மைக் செட்டுக்காரனிடம் கொடுத்துவிட்டாள், எனக்குத் தெரியாது. திடீரென்று உன் கிட்டார் கோபுரத்துக் குழாயிலிருந்து கடற்கரை வரைக்கும் கொட்டுகிறது. பிள்ளைகளெல்லாம் குதிக்கிறார்கள். பாலம் வந்ததும் ஊரே நின்றுவிட்டது. "ஏலே, நம்ம பாலம்ல இது!" என்று ஒருவன் கத்துகிறான். அடுத்து என் குரல், யானைக் குரல் கணக்காக: "ஏலே ஹமீது, புள்ளைக்கு இது போதுமா?"

கூட்டம் முழுக்க, "போதும் மாமா! போதும் மாமா!" என்று கூப்பாடு போட்டது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனாலும் சிரித்துவிட்டேன்.

அந்தக் கூப்பாட்டில் அதற்கடுத்து வந்ததை யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். கிட்டார் மட்டும் தனியாக, நீ பதில் சொல்லும்போது குரல் எப்படிக் கொஞ்சம் ஏறி, கடைசியில் குழைந்து இறங்குமோ அப்படியே இறங்கியது. போ, தும், யா. மூன்று சுரம். ஊருக்கெல்லாம் அது கிட்டார். எனக்கு அது நீ. என் குரல் அதில் துளிகூட இல்லை. சவேரியாரைப் பிடித்து உலுக்கி, "மக பாடிட்டாடா, கேட்டியா, பாடிட்டா" என்றேன். அவன் நான் வெயிலில் நின்று கிறுகிறுத்துவிட்டேன் என்று சோடா வாங்கி வந்தான்.

நீ பாடுகிற வரைக்கும் என்றுதான் சத்தியம் செய்தேன். வாயால் என்று சொல்லவில்லை. விரலால் பாடினாலும் பாட்டுதான். சாமியாரும் ஒப்புக்கொண்டார், உன் அம்மாவும் ஒப்புக்கொண்டாள். அதற்குமேல் யார் இருக்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போன் செய்வேன். வீட்டிலேயே இரு.

உன் அய்யா


சென்னை
17.6.2007

அன்பு அய்யாவுக்கு,

நீங்கள் எழுதிய கடிதம் இன்னும் வந்து சேரவில்லை. அதற்கு முன்னால் போன் வந்துவிட்டது. இப்போதுதான் வைத்தீர்கள்.

ஆறு மாதப் பேச்சையும் ஒரே மூச்சில் பேசித் தீர்த்தீர்கள். திருநாள், ஒலிபெருக்கி, சோடா, சகாயத்தின் மகளுக்கு மேல் சுரம் வந்துவிட்டது, சவேரியாருக்கு முட்டி வலி, மத்தி மீன் இந்த வருஷம் சரியில்லை. நான் "அய்யா" என்றேன், அவ்வளவுதான். அடுத்த வார்த்தைக்கு நீங்கள் இடம் விடவில்லை. சேதுலட்சுமி பக்கத்தில் உட்கார்ந்து, "பேசுடி, பேசுடி" என்று கிள்ளிக்கொண்டே இருந்தாள். கடைசியில் கேட்டீர்கள்: "போதும்யான்னுதானே வாசிச்ச? மூணு சுரம். நான் சரியாத்தானே கேட்டேன்?" எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. அழுதால் சரி என்று அர்த்தம் என்று நீங்களே முடிவு செய்து, "பாத்தியா, ஏங் காது பொய் சொல்லாது" என்று அம்மாவிடம் பெருமையடித்துவிட்டு வைத்துவிட்டீர்கள்.

தப்பாகக் கேட்டீர்கள் அய்யா.

மூன்று சுரம் இல்லை, நாலு. ரெண்டாவது சுரத்தின்மேல் பாலத்தின் கடக் ஒன்றைக் கடைசியாக விழவிட்டிருக்கிறேன், அது சுரத்தை முழுங்கிவிட்டது. கூட்டத்துக் கூப்பாடு வேறு. வீட்டில், சத்தம் இல்லாதபோது இன்னொரு தடவை போட்டுக் கேளுங்கள். போ, தா, துய், யா.

போதாது அய்யா. பாலத்தைப் பிடித்துச் சி.டி.யில் போட்டு அனுப்பிவிட்டுப் போதுமா என்று கேட்டால் நான் வேறு என்ன சொல்வேன்? பாலம் எதற்கு இருக்கிறது? ஏறி வருவதற்குத்தானே? அம்மாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுங்கள். சமையற்கட்டு மூலையில் உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன்.

ஜெபமாலை